கிராணியார் கற்றுக்கொடுத்த ஒன்பது நகர்த்தல்கள்

மாலை ஐந்து நாற்பது. எங்கள் அடுப்படி ஜன்னல் வழியே முதலில் தெரிந்தது ஒரு கை. முழுக்கை ஸ்வெட்டர், அந்த ஸ்வெட்டருக்கு மேலேயே கட்டிய கடிகாரம். பக்கத்து வீட்டு முன்கூடத்தில் அந்தக் கை ஒரு சதுரங்கப் பலகையின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரம் வரை, மேசையில் சிந்திய சோற்றை வழிப்பதுபோல் காய்களை வழித்தது.

"அழி. முதல்லேர்ந்து."

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி கன்னத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இப்ப என்னங்க தப்பு?"

"எட்டாவது மூவ். ராணிய எறக்கிட்ட. அவசரம்."

"சரி, எறக்கிட்டேன். எறக்கினா என்ன ஆவும்னு பாப்பமே."

"தப்பான ஆட்டத்த முடிச்சு என்ன செய்யப் போற?"

"முடிஞ்சாத்தானேங்க தப்பா சரியான்னு தெரியும்."

"அஸ்திவாரம் கோணினா வீடு கோணும்மா. அடுக்கு."

அந்தப் பெண்மணி அடுக்கினார். ஏழு மணிக்குள் இன்னும் நான்கு முறை அடுக்கினார். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள் அது. என் மனைவி தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் தாதி, அதனால் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் இடம் கிடைத்தது. நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டாரச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். மண்சரிவு, முட்டைக்கோஸ், கோவில் திருவிழா. சதுரங்கத்தில் காய்களின் பெயர் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இதைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் அந்தப் பெண்மணிக்கு, பக்கத்து வீட்டுக் கலா அக்காவுக்கு, நானே எதிரே உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம்.

அக்காவின் கணவர் தோட்டத்தின் வெளிக்காட்டுக் கிராணி, இலைக்கும் ஆளுக்கும் கணக்குப் பார்க்கும் குமாஸ்தா. எல்லோருக்கும் கிராணியார். குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார், யாரையும் கெட்ட வார்த்தை சொல்ல மாட்டார். தங்கமான மனுஷன் என்று தோட்டத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் அவர் கையில் வேலை செய்தவர்கள்.

இலை நிறுக்கும் கொட்டகையில் அவரைப் பார்க்க வேண்டும். வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் கத்தரி இயந்திரத்தால் வெட்டிய கொழுந்தை மூட்டைகளில் கட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். கிராணியார் ஒரு மூட்டையின் கழுத்தை அவிழ்த்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரே ஒரு முற்றின இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகு அந்த மூட்டை முழுவதும் தரையில் கொட்டப்படும். பொறுக்கி, சுத்தம் பார்த்து, மறுபடி கட்ட வேண்டும். அவர் சொல்வது சரிதான், முற்றின இலை தேயிலைக்கு ஆகாது. ஆனால் பறித்த கொழுந்து காத்திருக்காது. மூட்டைக்குள் சூடேறிச் சிவந்துபோகும். ஒரு மூட்டையைச் சுத்தமாக்குவதற்குள் அதன் பின்னால் நின்ற ஆறு மூட்டைகள் வெந்துவிடும். தொழிற்சாலையிலிருந்து தோட்டத்து மேனேஜர் துரை போன் போடுவார்.

"கிராணி, லோரி எங்க?"

"இலை பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"பாத்தது போதும்லா. எனக்கு நல்ல இலை வேணாம், இலை வந்தா சரி."

கிராணியார் போனை மடக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொல்வார்: "பாத்தீங்களா தம்பி, பெரிய பதவியில இருக்கவங்களுக்கே அஸ்திவாரம் இல்ல."

அவர் கண்டுபிடித்த தப்புகள் எல்லாம் உண்மையில் தப்புகள்தான். தொல்லையே அதுதான். பொய்யான தப்பைச் சொல்லும் ஆளை எதிர்த்துப் பேசலாம். இவரிடம் அதற்கு வழி கிடையாது.

வெள்ளிக்கிழமை கோவிலில் தேவாரத்துக்கு அவர்தான் முன்பாட்டு. பின்னால் பாடுகிறவர்களில் ஒருவர் ஒரு சொல்லை விழுங்கினாலும் கை உயரும். பாட்டு நிற்கும். முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கும். ஒரு வெள்ளியன்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு பாட்டுப் பதிகம் முப்பத்தைந்து நிமிடம் ஓடியது, பதினோராம் பாட்டு வரவில்லை. தட்டில் கற்பூரம் தானாக அணைந்தது. அதற்குப் பிறகு குருக்கள் ஒரு வழி கண்டுபிடித்தார். கிராணியார் கையை உயர்த்த மூச்சிழுப்பதைப் பார்த்ததும் மணியை அடிக்கத் தொடங்கிவிடுவார். சாமிக்கு முன்னால் மணிச் சத்தத்தை நிறுத்தச் சொல்ல கிராணியாருக்கும் துணிச்சல் இல்லை.

பிரிஞ்சாங்கில் சனிக்கிழமை வண்டி நிறுத்துவது சுற்றுலாக்காரர்களுக்கே தவம். கிராணியார் ஒருமுறை காலி இடம் கண்டு வேனைப் பின்னோக்கி விட்டார். பின் சக்கரம் மஞ்சள் கோட்டை ஒரு சாண் தாண்டிவிட்டது. முன்னால் எடுத்து நேராக்கலாம், யாரும் அதைத்தான் செய்வார்கள். அவர் இடத்தை விட்டு வெளியே வந்து, ஒருவழிப் பாதையில் பட்டணத்தை முழுதாகச் சுற்றி, மறுபடி அதே இடத்துக்கு வந்தார். அதற்குள் அங்கே ஸ்ட்ராபெரி வாங்க வந்த ஒரு சிங்கப்பூர் வண்டி நின்றது. கலா அக்கா மடியில் கீரைக் கட்டுடன் வேனுக்குள் நாற்பது நிமிடம் இருந்தார். எங்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "இவரு பிள்ளையார் சுழி போட்டே ஒரு நோட்ட முடிச்சிருவாரு."

அக்கா தோட்டத்துத் தேநீர்க் கடையில் கல்லாவில் இருந்தார். நாள் முழுதும் வெளியூர்க்காரர்கள், நாலு பாஷை, நீண்ட வரிசை. வேகமான கை, அதைவிட வேகமான வாய். வீட்டில் மட்டும் அந்த வாய் பாதியில் நிற்கும். அதற்கான காரணத்தை நான் ஒரு மாலை வேலி ஓரத்தில் நின்று கேட்டேன்.

"ஏங்க, இன்னிக்கு கடையில ஒரு வெள்ளைக்காரக் கெழவரு மயங்கி விழுந்துட்டாரு. செவ்வாக்கெழம வந்தாரே, அதே—"

"புதன்கெழம."

"சரி, புதன். அவரு ஸ்கோன் ரொட்டித் தட்ட கையில வச்சிக்கிட்டு—"

"இரு. புதன்கெழமன்னா நானும் அங்க இருந்தேன். எந்தக் கெழவரு? முதல்லேர்ந்து சொல்லு."

அக்கா "ஒண்ணுமில்லங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து எங்கள் அடுப்படிக்கு வந்து, கிழவர் விழுந்ததையும், அவர் மனைவி அவர் சட்டைப் பைக்குள் இருந்த மாத்திரையைத் தேடியதையும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் கிழவர் எழுந்து தன் தேநீர் ஆறிவிட்டது என்று குறைபட்டதையும் என் மனைவியிடம் ஒரே மூச்சில் சொன்னார். யாரும் குறுக்கிடவில்லை. சொல்லி முடித்ததும் அக்கா முகத்தில் ஒரு களைப்பு இருந்தது, மலையேறி இறங்கியவர்களுக்கு வருகிற களைப்பு.

சதுரங்கத்துக்கு வருகிறேன். தானா ராத்தா பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தமிழ் பேசும் குடும்பங்களுக்கு விளையாட்டு நாள் நடக்கும். சதுரங்கம் அதுவரை ஆண்களுக்கு. அவர்கள் மேசையில் உட்கார்ந்து யோசிக்க, பெண்கள் சட்டியருகே நின்று வடை சுடுவது நன்றாக இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனவே தம்பதியர் போட்டியாக மாற்றினார்கள். கணவன் ஒரு பலகையில், மனைவி ஒரு பலகையில். இருவரும் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. கிராணியார் ஆண்கள் போட்டியில் இரண்டு முறை கோப்பை வாங்கியவர். அறிவிப்பைப் படித்த அன்றே கலா அக்காவைப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தார். நாங்கள் குடிவந்தபோது பயிற்சி தொடங்கி ஐந்து மாதம். விளையாட்டு நாளன்று பதினான்கு மாதம்.

பதினான்கு மாதத்தில் அக்கா ஒரு ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை. தப்பு நேர்ந்ததும் கை வரும், காய்கள் போகும். முதல் நகர்த்தல் அக்காவுக்குத் தூக்கத்தில் தெரியும். இரண்டாவது, மூன்றாவது, குதிரை இன்ன இடம், ராஜாவை யானைக்குப் பின்னால் ஒதுக்குவது இன்ன நேரம், எல்லாம் தெரியும். ஒன்பதாவது வரை தலைகீழாகச் சொல்வார். பத்தாவதை அவர் கண்டவரில்லை.

ஒரு நாள் என் மனைவியிடம் கேட்டார்: "தங்கச்சி, ராஜா எப்படிச் சாவும்?"

"எனக்கு என்னக்கா தெரியும். உங்க வீட்டுக்காரர கேக்க வேண்டியதுதானே."

"கேட்டேன். அத கடைசியில சொல்றேங்கறாரு. எனக்கு ஜெயிக்கல்லாம் வேணாம். ஒரே ஒரு ஆட்டம் முடியணும். தோத்தாலும் சரி. ராஜா எப்படிச் சாவுதுன்னு கண்ணால ஒருவாட்டி பாக்கணும்."

"அண்ணன் தங்கமான மனுஷன்க்கா, மெதுவா சொல்லிக் குடுப்பாரு."

"தங்கந்தான். உருக்கிக்கிட்டே இருந்தா எப்பத்தான் நகை செய்யறது?"

அக்கா போனில் ஒரு சதுரங்க ஆட்டத்தை இறக்கிப் பார்த்தார். குவார்ட்டர்ஸில் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மட்டும்தான் லைன் கிடைக்கும், அங்கே போய்க் குளிரில் நின்றார். ஒன்பது நகர்த்தல் சரசரவென்று போனது. பத்தாவதுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மூடி வைத்தார். இரண்டு நாள் அப்படி. மூன்றாம் நாள் கிராணியார் போனை எடுத்துப் பார்த்தார். கண்டபடி ஆடினால் அஸ்திவாரம் கெடும் என்று அந்த ஆட்டத்தை நீக்கிவிட்டுப் போனைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

நான் அவரிடம் ஒருமுறை நேரடியாகவே கேட்டேன். "அண்ணே, ஒரு ஆட்டத்த முடிக்க விட்டாத்தான் என்ன?"

"தம்பி, நீங்க பேப்பர்காரரு. முதல் வரி தப்பா இருக்க செய்திய கடைசி வரைக்கும் எழுதுவீங்களா?"

"எழுதுவேண்ணே. எழுதி முடிச்சப்புறம் முதல் வரிய திருத்துவேன்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அதற்குப் பிறகு என் செய்திகளைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு அச்சுப்பிழைக்கும் தலைப்புக்குத் திரும்புவது அவருடைய ஞாயிறு காலை வழக்கமாயிற்று.

விளையாட்டு நாள் காலை மண்டபத்தில் பன்னிரண்டு மேசைகள். இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள், நடுவில் ஒரு நடைவழி. நடுவர் ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியர். விதிகளை ஒலிவாங்கியில் படித்தார்: தொட்ட காயை நகர்த்த வேண்டும்; வெளியாள் யாரும் பேசக் கூடாது; வெளியாள் கை பட்டால், யாருக்காகப் பட்டதோ அவருக்குத் தோல்வி. கிராணியார் ஒவ்வொரு விதிக்கும் தலையாட்டினார். இரண்டாவது விதியில் நடுவர் ஒரு சொல்லைத் தவறவிட்டபோது அவர் கை பாதி உயர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன்.

முதல் சுற்றில் அவர்களுக்கு எதிரே வந்தவர்கள் பட்டணத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாயும் அவர் மனைவி ஹமீதாவும். பாய் கிராணியாருக்கு எதிரே உட்கார்ந்தார். ஹமீதா கலா அக்காவுக்கு எதிரே.

"அக்கா, நான் சும்மா வந்தேன். இவருதான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு. எனக்கு அவ்வளவா வராது."

"எனக்கு ஒம்போது வரைக்கும் நல்லா வரும்" என்றார் அக்கா.

பத்து ஐந்துக்கு ஆட்டம் தொடங்கியது. அக்கா கல்லாவில் சில்லறை கொடுக்கும் வேகத்தில் நகர்த்தினார். ஹமீதா ஒவ்வொன்றுக்கும் கன்னத்தைச் சொறிந்து யோசித்தார். நடைவழிக்கு அந்தப் பக்கம் கிராணியார் தன் பலகையைப் பார்க்கவேயில்லை. உடம்பு பாய்க்கு எதிரே இருந்தது, கழுத்து மனைவி மேசைக்குத் திரும்பியிருந்தது. பாய் இரண்டு முறை இருமிப் பார்த்தார். "அண்ணே, ஒங்க ஆட்டம்." கிராணியார் திரும்பிப் பாராமலே ஒரு சிப்பாயைத் தள்ளினார்.

பத்து இருபத்தைந்து. அக்கா ஒன்பதாவது நகர்த்தலில் குதிரையை முன்னால் வைத்தார். கையை எடுத்த பிறகுதான் பார்த்தார்போலும், அந்தக் குதிரைக்குக் காவல் இல்லை. உதட்டைக் கடித்தார். ஹமீதா கன்னத்தைச் சொறிந்தார். கிராணியாரின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. மூன்று எட்டில் நடைவழியைத் தாண்டினார். முழுக்கை ஸ்வெட்டர், கடிகாரம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

"அழி. முதல்லேர்ந்து."

ஒரு யானை உருண்டு மேசைக்கடியில் போனது.

நடுவர் ஓடிவந்தார். "என்னண்ணே செஞ்சிட்டீங்க?"

"தப்பு பண்ணிட்டா சார். குதிரைய விட்டுட்டா."

"அண்ணே, இது போட்டிலா!"

"அதான் சொல்றேன். போட்டியில தப்பு பண்ணலாமா?"

ஹமீதா தன் பக்கத்து வெற்றுக் கட்டங்களைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, என் காயையும் சேத்து வாரிட்டீங்களே. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் கிராணியார் தன் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் ஹமீதாவின் ராணி இருந்தது. அதை மெதுவாக மேசைமேல் நிறுத்தினார். கட்டத்தில் அல்ல, கட்டத்துக்கு வெளியே. அவர் முகம் அப்படிச் சிவந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "பழக்கத்துல..." என்றார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை, முதலிலிருந்தும் தொடங்கவில்லை.

விதி விதிதான். நடுவர் சங்கடத்தோடு தாளில் எழுதினார். கலா அக்கா குனிந்து மேசைக்கடியில் கிடந்த யானையை எடுத்து ஊதினார்.

"சார், எனக்கு எல்லாக் காயும் நின்ன எடம் ஞாபகம் இருக்கு. ஒம்போதுதானே. அப்படியே வச்சிக் குடுத்துர்றேன். நாங்க முடிச்சிக்கிறோம்."

"அக்கா, முடிவு எழுதியாச்சு. மன்னிக்கணும்."

"தோல்வின்னே இருக்கட்டும் சார். முடிச்சா மட்டும் போதும்."

நடுவர் அடுத்த சுற்றுக்கு மேசை வேண்டும் என்றார். ஹமீதா எழுந்து பலகையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வாங்கக்கா, வெளிய போவோம். எங்க கடையில இல்லாத சத்தமா?"

கிராணியார் பின்னால் போக ஓர் அடி எடுத்தார். பாய் அவர் ஸ்வெட்டரைப் பிடித்தார். "அண்ணே, ஒங்க ஆட்டம் என்கிட்ட இருக்கு. உக்காருங்க."

வெளி வராந்தாவில் காலிக் குளிர்பான மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் பலகையை வைத்தார்கள். அக்கா ஒரு காயைக்கூட யோசிக்காமல் ஒன்பதாவது நகர்த்தல் வரை அடுக்கினார். பதினான்கு மாதப் பயிற்சியின் பலன் அது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மூடுபனி வராந்தா வரை வந்து நின்றது. ஹமீதா முக்காட்டைக் காதுக்கு இறக்கிவிட்டுப் பத்தாவதை ஆடினார். காவலில்லாத குதிரையை அவர் பார்க்கவேயில்லை.

அதன் பின் நடந்தது பார்க்க அழகான ஆட்டம் அல்ல. இரண்டு பேரும் மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்தார்கள். "ஐயோ, ஒங்க ராணி!" "ஏன் சொன்னீங்க, நான் பாக்கவே இல்ல!" வடை வந்தது, எண்ணெய்க் கையால் ஆடினார்கள். குதிரை வெகுநேரம் உயிரோடு நின்று, பிறகு ஒன்றுக்கும் உதவாத ஒரு சிப்பாய்க்காகச் செத்தது. அக்கா ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் ஒரு கணம் தலை நிமிர்ந்து மண்டபத்து வாசலைப் பார்த்தார். இருபது நகர்த்தலுக்குப் பிறகு அதையும் மறந்துவிட்டார்.

பன்னிரண்டு பத்துக்கு அக்கா ஒரு யானையைக் கடைசி வரிசை வரை தள்ளினார். "செக்."

ஹமீதா வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அக்கா, நான் எங்க போறது?"

"எங்கயாச்சும் போங்களேன்."

"எடமில்லையே."

"இங்க?"

"ஒங்க யானை அடிக்கும்."

"இந்தப் பக்கம்?"

"என் சிப்பாயே அடைச்சிக்கிட்டு நிக்குது."

"அப்ப?"

"அப்ப இதுதான்க்கா. முடிஞ்சிருச்சு."

அக்கா பலகைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனார். "யாரும் அடிக்கவே இல்லையே."

"ராஜாவ அடிக்க மாட்டாங்கக்கா. அப்படியே நிக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹமீதா காய்களை எடுக்கப் போனபோது, "இருக்கட்டும் ஹமீதா, கொஞ்ச நேரம்" என்றார்.

கிராணியார் தன் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்தார். அதில் பயன் எதுவும் இல்லை. பலகையைப் பார்த்தார். கை தானாக உயர்ந்தது.

"கைய வைக்காதீங்க" என்றார் அக்கா. சத்தமாகச் சொல்லவில்லை.

கை ஸ்வெட்டர் பைக்குள் போனது. அவர் நின்றுகொண்டே ஒவ்வொரு காயாகப் பார்த்தார்.

"குதிரை?"

"செத்துப்போச்சு."

"எப்ப?"

"பாதியில."

"நீயா ஜெயிச்ச?"

"ஆமா."

அவர் தொண்டையைச் செருமினார். "எப்படி? முதல்லேர்ந்து சொல்லு."

"முதல் ஒம்போது ஒங்களுக்கே தெரியும். மிச்சத்த ஹமீதாகிட்ட கேளுங்க. எனக்குப் பசிக்குது."

அக்கா எழுந்து சேலையில் ஒட்டிய வடைத் துகளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். கிராணியார் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். ஹமீதா சொல்லத் தொடங்கினார். இடையில் இரண்டு இடத்தில் கிராணியாரின் வாய் திறந்தது. ஹமீதா கையைக் காட்டி, "பொறுங்கண்ணே, நான் சொல்லி முடிச்சிர்றேன்" என்றார். அவர் பொறுத்தார்.

ஒன்றரை மணிக்கு மண்டபச் சுவரில் முடிவுத் தாளை ஒட்டினார்கள். முதல் சுற்று, ஏழாம் மேசை, பெண்கள்: ஹமீதா ஒன்று, கலாவதி பூஜ்யம்.